நாலு விரல்

பதினாலு கிளிக். எண்ணாமல் திருகியிருந்தால் இந்த வம்பே இல்லை. துப்பாக்கியில் குறிபார்க்கிற பின் சைட்டின் ஓரத்தில் இருக்கும் சின்னத் திருகை வலப்பக்கமாக ஒன்று, இரண்டு என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே நகர்த்தி, பதினாலில் வந்து நின்றபோதுதான் குண்டு போய்த் தகட்டின் நடுவில் பட்டது. டிங். அடுத்ததும் டிங். அஞ்சு தகடு, அஞ்சு டிங், பத்து மீட்டர் தூரம், ஒன்றுகூட ஓரத்தில் உரசவில்லை. சந்தோஷப்பட வேண்டியதுதானே. சந்தனமாரி சந்தோஷப்படத்தான் பார்த்தாள். மணி ரெண்டே முக்கால். விடுதி முதலாளி ஜெபமணி சார் நாலு மணிக்கு வருவார். தென்னந்தோப்புக்குள் மணல் மூட்டை அடுக்கியாச்சு, சட்டம் நட்டாச்சு, கம்பியில் தகடு தொங்கவிட்டாச்சு, துப்பாக்கியும் இப்போது சரியாச்சு, இனி காலை நீட்டி உட்கார வேண்டியதுதான். ஆனால் பதினாலு. முந்தாநாள்தான் பெட்டி பிரித்த துப்பாக்கி. சைட்டின் மேல் வெள்ளையாக ஒரு நடுக்கோடு போட்டிருக்கிறான், முள் அந்தக் கோட்டில்தான் நின்றது, அங்கே வைத்துச் சுட்டால் குண்டு இடது பக்கம் நாலு விரல் தள்ளிப் போய் மூட்டையில் பொதுக்கென்று புதைகிறது, கோட்டை விட்டுப் பதினாலு கிளிக் விலகினால்தான் படுகிறது. அப்படியானால் செய்தவன் தூங்கிவிட்டானா. தூங்கியிருப்பான். எல்லாவனும் தூங்குமூஞ்சிதான். அப்படியே விட்டுவிடலாம், பட்டுவிட்டதே, பிறகென்ன. கடற்காற்று ஓலைகளை உரசிக்கொண்டு போனது. காற்றாக இருக்குமோ? பத்து மீட்டரில் காற்று என்ன கிழித்துவிடும். அவள் அப்படிச் சாக்குச் சொல்லும் ஆள் இல்லை. சாருக்கும் சாக்குப் பிடிக்காது, போன வாரமே சொல்லிவிட்டார், இந்த விடுதி வாசலில் நின்று, வெற்றிலைக் கறை படிந்த பல்லைக் குத்திக்கொண்டே: "இங்க பாரு பிள்ள. தங்க வாறவன் பொழுதுபோக்கா நாலு குண்டு சுடுவான். நாலும் படலைன்னா மறுபடி இந்தப் பக்கம் வருவானா? அவனுக்குப் படணும். ஒனக்கு இல்ல, அவனுக்கு. என் மருமகன் பெங்களூர்லேர்ந்து வாரான், துப்பாக்கியத் தொட்டதே கெடையாது. அவனுக்குப் பட்டா வேலை ஒனக்கு, ரூமும் ஒனக்கு. படலைன்னா ஆறே காலுக்கு பஸ் இருக்கு, ஏறிப் போயிரு." நல்ல மனுஷன், சுற்றி வளைக்கவில்லை. ஆறே கால் பஸ் எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியும். அப்பாவுடைய பலூன் சுடுகிற கடைக்குப் போகும்.

துப்பாக்கியை அவள்தான் தேர்ந்தெடுத்தாள், அதனால் பழியைப் போடவும் வேறு ஆள் இல்லை. மதுரைக்கு சார் காரில் கூட்டிக்கொண்டு போனார். கடைக்காரர் மூன்று பெட்டியைப் பிரித்து எடுத்து மேஜைமேல் வைத்தார். முதல் இரண்டும் நடுவில் மடக்குகிற சாதி, குழலையே ஒடித்துக் குண்டு போட்டு மறுபடி நிமிர்த்த வேண்டும். அவள் தொடக்கூட இல்லை. ஆயிரம் பேர் மடக்கினால் அந்த மூட்டு லூசாகிவிடும், குழல் தலையாட்டத் தொடங்கிவிடும், அப்புறம் காலையில் வைத்த சைட்டு மத்தியானம் இருக்காது. மூன்றாவதில் குழல் அசையாது, அடியில் ஒரு லீவர், அதைக் கீழே இழுத்து ஸ்பிரிங்கை ஏற்றி, பக்கத்தில் திறக்கிற வாயில் குண்டை வைத்து, லீவரை மறுபடி மேலே தள்ளினால் தீர்ந்தது. சாருக்கு அது வேறு காரணத்துக்காகப் பிடித்தது. "இங்கிலீஷ் படத்துல குதிரை மேல வாறவன் கையில வச்சிருப்பாம்லா, கீழ இழுத்து இழுத்துச் சுடுவானே, அது மாதிரி இருக்கு பிள்ள, இதையே போடு!" அது வேற இது வேற என்று அவள் சொல்லவில்லை, வாயை மூடிக்கொண்டாள், வேண்டியது கிடைத்தால் போதும். லீவர் கனமாக இருந்தால் பொம்பளைகளும் பிள்ளைகளும் இழுக்க முடியாது என்று மெல்லிய ஸ்பிரிங் போட்டதைக் கேட்டாள். அடிக்கட்டையைத் தோளில் வைத்துக் கண்ணை மூடித் திறந்து பார்த்தாள், கன்னம் உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்தது. லீவரைப் பாதியில் விட்டால் திரும்ப அடிக்குமா என்று கேட்டாள், கடைக்காரர் பாதியில் கையை எடுத்துக் காட்டினார், லீவர் உள்ளே இருக்கிற இரும்புப் பல்லில் மாட்டி நின்றது. அப்பாவுடைய இடது ஆள்காட்டி விரலில் நகம் கிடையாது, நகம் இருந்த இடமும் கிடையாது. பழைய லீவர் துப்பாக்கி ஒன்று குண்டு வைக்கும்போது தின்றுவிட்டது. அதனால் கேட்டாள். எல்லாம் சரியாகத்தான் கேட்டாள். பிறகு கடைக்காரர் கடையின் பின்பக்கம் ஒரு தீப்பெட்டியை நிறுத்திவைத்து, இங்கிருந்தே அதே துப்பாக்கியில் ஒரு சுடு சுட்டார். தீப்பெட்டி பறந்தது. நிற்கிறது அங்கேதான். இவ்வளவு நேரமும் மனசு போய்ப் போய் முட்டிக்கொண்டு நிற்கிற இடம் அந்தத் தீப்பெட்டிதான். நடுக்கோட்டில் முள் இருக்கும்போதுதானே அந்த ஆள் சுட்டார்? அவருக்குப் பட்டதே. சார் கேட்டார், "நீயும் ஒண்ணு சுட்டுப் பாரேன்." அவள் என்ன சொன்னாள்? "எடத்துக்குப் போய்ப் பாத்துக்கிடலாம் சார்." திமிர். உள்ளுக்குள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். விற்கிறவன் சுட்டால் படத்தான் செய்யும், அவனுக்கு அவன் துப்பாக்கியின் கோணல் தெரியும், தள்ளிக் குறிவைத்து அடித்திருப்பான், இது என்ன அவள் பார்க்காத வித்தையா, அப்பா தினமும் செய்கிறாரே. அப்படித்தான் நினைத்தாள். ஆனால் அப்போதுதான் பெட்டி பிரித்த துப்பாக்கியின் கோணல் அந்த ஆளுக்கு எப்படித் தெரியும்.

அப்பா லிங்கத்துரை புதுத் துப்பாக்கி வாங்கினால் முதல் வேலையாகச் சோறூட்டுவார். குழந்தைக்கு ஊட்டுகிற மாதிரிதான் சொல்வார், "இன்னைக்கு இவனுக்குச் சோறூட்டு." பழைய பனியன் துணியைச் சுத்தியல் தலையில் சுற்றி, பின் சைட்டில் பக்கவாட்டில் ஒரு தட்டு, இன்னொரு தட்டு. வலிக்காமல் தட்டணும், பெயின்டு போகக் கூடாது. அதற்குப் பிறகு கோயில் கொடைக்கு வருகிறவன், பொருட்காட்சிக்கு வருகிறவன், பொண்டாட்டியை இடுப்போடு அணைத்துக்கொண்டு வருகிற புதுமாப்பிள்ளை, எவன் எவ்வளவு நேராகக் குறிபார்த்தாலும் குண்டு பலூனுக்குப் பக்கத்தில் பலகையில் போய்ப் படும். அப்புறம் அப்பா குரல் கொடுப்பார், "ஏட்டி மாரி, இங்க வா, அண்ணாச்சிக்கு ஒண்ணு காட்டு." ஏழு வயசு. ஸ்டூல் போட்டு ஏறி, சிவப்பு டேப் சுற்றிய துப்பாக்கியை எடுத்து, மூன்று பலூனை மூன்று குண்டில் உடைப்பாள். "இந்தப் பொடிப்பிள்ள அடிக்கு, நீங்க என்ன அண்ணாச்சி?" ஆம்பளைகளுக்கு முகம் சிவக்கும், மறுபடி சுடுவார்கள், மறுபடி பலகை. சோறூட்டுகிற விஷயம் அவளுக்குத் தெரிந்தபோது பன்னிரண்டு வயசு. ரெண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் கேட்டாள், என் துப்பாக்கியுமா? அப்பா தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினார், சிவப்பு டேப் மட்டும் நேரானது, அதை நான் தொடல, ஒன் கண்ணு தங்கக்கண்ணு. அது போதுமாக இருந்தது. எல்லாம் பொய், ஆனால் தன் சூடு மட்டும் நிஜம். பள்ளிக்கூடத்தில் பதினொன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டதற்கு ஊரில் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள், கொடை சீசனில் லீவு அதிகம் என்றும் கஷ்டம் என்றும். ஒரு மண்ணும் இல்லை. அவளுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். கணக்கு டீச்சர் பத்துப் பேருக்கு முன்னால் கேட்டாள், ஒனக்கு உருப்படியா என்னதான் தெரியும்? அவள் எழுந்து நின்று சொன்னாள், "சுடத் தெரியும் டீச்சர்." வகுப்பே சிரித்தது. சிரிக்கட்டும். அது ஒன்றுதான் கையில் இருக்கிறது, அதை வைத்துத்தான் சாரிடம் வந்து வேலை கேட்டாள், அதை நம்பித்தான் பையில் நாலு துணியும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். மூன்று மணி. இன்னும் ஒரு தடவை சுட்டாள். டிங். பார், படுகிறது. படுகிறதே. பிறகு ஏன் அடுத்த குண்டை எடுக்கிறாள்.

அறை கூட்டுகிற கனியக்கா துணிக்கூடையோடு அந்த வழியாக வந்து நின்றாள். "என்னட்டி, காலையிலேர்ந்து டொக்கு டொக்குன்னு. தென்னையில இருக்க காக்கா பூராவும் இடம் பேந்து போயிட்டு." சந்தனமாரி அவளையே பார்த்தாள். பெங்களூர் மருமகன் துப்பாக்கியைத் தொட்டதே கிடையாது. கனியக்காவும் தொட்டதே கிடையாது. "எக்கா, ஒரு சுடு சுடுதியா?" "ஆத்தாடி, நானா? சீலையில தீப்பத்திரும்!" "தீயெல்லாம் வராது. இது காத்துல போறது. வா, வந்து உக்காரு." கூடையை வைத்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, வெட்கச் சிரிப்போடு உட்கார்ந்தாள். லீவரை சந்தனமாரியே இழுத்தாள், குண்டு வைத்து முடிக்கும்வரை லீவரிலிருந்து கையை எடுக்கவில்லை, பூட்டு இருந்தாலும் எடுக்கவில்லை, அந்த நகமில்லாத விரல் எப்போதும் கண்ணுக்குள் நிற்கும். துப்பாக்கியை மணல் பை மேல் படுக்க வைத்தாள், கை நடுங்கினாலும் அது நடுங்காது. "பின்னால ஒரு பள்ளம் இருக்குலா, முன்னால ஒரு மணி இருக்குலா. மணிய பள்ளத்துக்கு நட்ட நடுவுல வை. அந்த மணி மேல தகட்ட வை. மெதுவா அமுக்கு." கனியக்கா ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டாள், வாயைக் கோணிக்கொண்டாள், அமுக்கினாள். பொதுக். மூட்டை. வலது பக்கம். "போச்சு!" "அசைச்சிட்ட. இன்னொண்ணு." பொதுக். அதே வலது பக்கம். "எக்கா, நடுவுலதான் வைக்கியா? கண்ணத் தொறந்துதான் வச்சிருக்கியா?" "நடுவுலதாம்ட்டி வைக்கேன். நான் என்ன குருடியா? ஊசிக்கு நூல் கோக்குத கண்ணு இது." மூன்றாவதும் பொதுக். சந்தனமாரி நடந்து போய்ப் பார்த்தாள். மூன்று குண்டும் சாக்கில் ஒரே இடத்தில், ஒரு ரூபாய் நாணயத்தால் மூடிவிடலாம். தெரியாதவள் சுட்டால் சிதறத்தானே வேண்டும், இப்படி ஒரே பொந்தில் போகக் கூடாதே. தகட்டின் விளிம்பிலிருந்து விரலை வைத்து அளந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. இந்த இடத்தை அவளுக்குத் தெரியும். அப்பாவுடைய பலகையைத் தெரியாதா, ஒவ்வொரு பலூன் வரிசைக்கும் வலது பக்கம் பலகை கறையான் அரித்த மாதிரி நொறுங்கிக் கிடக்கும், வருஷம் ஒரு தடவை அந்த இடத்தில் மட்டும் புதுப் பலகை அடிப்பார்கள். ஊர் உலகமெல்லாம் சுட்டது அங்கேதான் பட்டது. நாலு விரல், வலப்பக்கம். நிமிர்ந்து பார்த்தால் அதே பலகையை, அதே பொந்தை, தன் கையாலேயே இந்தத் தோப்புக்குள் கொண்டுவந்து நட்டு வைத்திருக்கிறாள்.

வீட்டுக்குப் போன் போட்டாள், மூணாவது ரிங்கில் அப்பா எடுத்தார். பின்னால் கொடைக்காரர்கள் மைக் சோதிக்கிற சத்தம், ஹலோ ஹலோ என்று ஒருவன் ஊதிக்கொண்டிருந்தான். "என்னட்டி, பஸ் ஏறிட்டியா? இங்க ராத்திரி கூட்டம் அம்மும், ஆளில்லாம கெடக்கேன்." "யப்பா, ஒண்ணு கேக்கேன், மழுப்பாம சொல்லு. சோறூட்டும்போது எத்தன விரல் வைப்ப?" "நாலு. அஞ்சு வச்சா கண்டுபிடிச்சிருவானுவ, மூணு வச்சா எவனாவது ஒருத்தன் அடிச்சித் தொலைப்பான். எதுக்கு கேக்க?" "வலப்பக்கமா?" "வலப்பக்கந்தான். என் கை வாட்டம் அப்படி." "சிவப்பு டேப்பு?" அப்பா கேள்வி காதில் விழாத மாதிரி மைக்காரனைப் பார்த்துச் சத்தம் போட்டார். "யப்பா." "அதுவுந்தான், போ. எல்லாம் ஒரே மாதிரி இருந்தாதான எனக்கும் வசதி. ஒனக்குச் சின்னதுலயே அப்படிப் பிடிக்கச் சொல்லிக் குடுத்தேன், மணியப் பள்ளத்துக்கு இடப்பக்கச் சுவரோட ஒட்டி வைன்னு. நீயும் வச்ச. பட்டுச்சுலா? பட்டதுல என்னட்டி பொய்?" பிறகு திடீரென்று குரல் மாறியது, சந்தோஷமாகவே ஆகிவிட்டது. "ஏ, நீயும் அங்க ஊட்டிட்டியோ? எம்பிள்ளைலா! சொல்லாமக் கொள்ளாமத் தொழில் படிச்சிருக்கா பாரு!" அவள் போனை வைத்துவிட்டாள். அழுகை வரும் என்று பார்த்தாள், வரவில்லை, கோபம்தான் வந்தது, அதுவும் அப்பா மேல் முழுசாக வரவில்லை, பாதி வழியில் தன் கழுத்து மேலேயே திரும்பி வந்தது. பதினொரு வருஷமாக இந்தக் கழுத்து ஒரு மயிரிழை சாய்ந்தே நின்றிருக்கிறது. சுவரோடு ஒட்டி நிற்கிற மணியை இந்தக் கண் நடுவில் நிற்கிறது என்று சொல்லியிருக்கிறது. அவளும் நம்பியிருக்கிறாள். துப்பாக்கி நேராகத்தான் வந்தது, கோடு போட்டவன் தூங்கவில்லை, கடைக்காரர் வித்தை காட்டவில்லை, நேராக வைத்து நேராகச் சுட்டார், தீப்பெட்டி பறந்தது. இவள்தான் நேரானதை உட்கார்ந்து பதினாலு கிளிக் திருகி, தன் கண்ணுக்குத் தக்கபடி கோணலாக்கி, அஞ்சு டிங் கேட்டுச் சந்தோஷப்பட்டாள். மருமகன் வந்து சுட்டிருந்தால்? பொதுக் பொதுக். பிறகு சார் சொல்லியிருப்பார், நீ ஒண்ணு காட்டு பிள்ள. இவள் எடுத்து டிங் டிங் டிங். பொடிப்பிள்ளையே அடிக்கு, நீங்க என்ன அண்ணாச்சி. அந்த வெட்கத்தில் அவளுக்குக் காது சுட்டது.

மணி மூணு முப்பத்தெட்டு. இடப்பக்கமாகத் திருகினாள், ஒன்று, இரண்டு. ஒவ்வொரு கிளிக்கும் கண்ணுக்குப் பிடிக்கவில்லை. எட்டில் நின்றாள். பாதியில் விட்டுவிடலாமா, எனக்கும் கொஞ்சம் அவனுக்கும் கொஞ்சம்? ரெண்டு பேருக்கும் படாது, அதுதான் நடக்கும். பதினாலு. முள் வெள்ளைக் கோட்டில் வந்து உட்கார்ந்தது. குனிந்து பார்த்தால் தப்பாகவே இருந்தது, அப்பட்டமாகத் தப்பாக. இதைச் சரியா என்று பார்க்க அவளால் முடியாது, அதுதான் பெரிய பயம், தன் கண்ணை வைத்துத் தன் கண்ணையே எப்படிச் சோதிப்பது. "எக்கா, போவாத! இன்னொண்ணு சுடு." "சாரு வந்தா ஏசுவாருட்டி, பதினொண்ணாம் நம்பருக்கு விரிப்பு மாத்தணும்." "ஒண்ணே ஒண்ணு. ஒன் கால்ல விழுதேன்." கனியக்கா உட்கார்ந்தாள், கண்ணைப் பொத்தினாள், வாயைக் கோணினாள். டிங். "பட்டுச்சு! ஏட்டி, பட்டுச்சுட்டி!" துப்பாக்கியை விட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கிவிட்டாள், இன்னொன்று சுடுவேன் என்று அவளே கேட்டாள், அதுவும் டிங். வாசலில் காரின் ஹாரன்.

மருமகன் வெள்ளைக் கால்சட்டை, கறுப்புக் கண்ணாடி, துப்பாக்கியைப் பார்த்ததும் கொஞ்சம் பின்வாங்குகிற கால். ஜெபமணி சார் தகடுகளைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார். "முதல்ல நீ ஒண்ணு காட்டு பிள்ள. இவனுக்கும் தைரியம் வரும்." அவள் இதை எதிர்பார்க்கவில்லை, ஆனால் எதிர்பார்த்திருக்க வேண்டும், ஏழு வயசிலிருந்து எல்லாரும் கேட்கிற அதே கேள்விதானே. வழி ஒன்று இருக்கிறது. பழைய மாதிரியே பிடித்து, தகட்டை விட்டு நாலு விரல் வலப்பக்கம் தள்ளிக் குறிவைத்தால் டிங் என்று கேட்கும், எவனுக்கும் தெரியாது. தெரியாதுதான். "அவரு சுடட்டும் சார், நான் பொறவு சுடுதேன்." சாரின் புருவம் ஏறியது. "ஏன், ஒனக்குப் படாதா?" "படாது." பொய் வரவில்லை, அவசரத்தில் உண்மைதான் வந்தது. சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ஆறே கால் பஸ்ஸைத்தான் பார்க்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. மருமகன் உட்கார்ந்தான். மணியை நட்ட நடுவில், என்று சொல்லிக் கொடுத்தாள். அவன் ரொம்ப நேரம் எடுத்தான். மூச்சை விடுங்க சார் என்றாள், விட்டான். டிங். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தகடு ஆடுவதையே பார்த்தான், "மாமா, பாத்தீங்களா?" என்றான் சின்னப் பையன் மாதிரி. டிங். ஒன்று தவறியது, மறுபடி டிங். சார் சிரித்துவிட்டார், பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு இவள் பக்கம் திரும்பினார். "இப்ப நீ."

லீவரை இழுத்தாள், குண்டை வைத்தாள், கையை எடுக்காமல் மூடினாள். கன்னத்தை வைத்ததும் மணி தானாகப் போய் இடப்பக்கச் சுவரோடு ஒட்டிக்கொண்டது, வீட்டுக்குப் போகிற மாடு மாதிரி. பிடித்து இழுத்து நடுவில் நிறுத்தினாள். தப்பு தப்பு என்று கண் கத்தியது, கழுத்து வலித்தது. கத்தட்டும். அமுக்கினாள். பொதுக். கனியக்கா கூடையோடு அங்கேயே நின்று, ஐயோ என்று வாயைப் பொத்திக்கொண்டாள். மருமகன் சிரிக்கலாமா கூடாதா என்று மாமாவைப் பார்த்தான். சந்தனமாரி யாரையும் பார்க்காமல் மூட்டைக்கு நடந்து போனாள், பொந்தைத் தேடி, தகட்டுக்கும் அதற்கும் நடுவில் விரலை வைத்தாள். நாலு இல்லை. ஒன்றுதான். ஒரே ஒரு விரல்.

"என்ன பிள்ள, எல்லாருக்கும் படுது, ஒனக்குப் படலியே" என்றார் ஜெபமணி சார்.

விரலை அங்கிருந்து எடுக்காமலே அவள் சொன்னாள், "படும் சார். எனக்கு ஒரு மாசம் ஆவும்."

சார் தகட்டைப் பார்த்தார், மருமகனைப் பார்த்தார், அவன் அதற்குள் லீவரைத் தானே இழுக்கப் போயிருந்தான். "அவன் கைய மொதல்ல பிடி, விரல நசுக்கிக்கிடப் போறான்" என்றார். அவள் ஓடினாள். ஆறே கால் பஸ் சாலையில் போனபோது அவன் முப்பதாவது குண்டைச் சுட்டுக்கொண்டிருந்தான், லீவரில் அவள் கை இருந்தது.